வியோலாவுக்கு ஒரு வரி

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வழியில் நான் ஒரு பூனையைப் பார்த்தால் வீட்டுக்கு வருவதற்குள் அது புலியாகிவிடும். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் இதில் மட்டும் எதையும் கழிக்காதீர்கள். இது நடந்தது அவளுடைய சொந்த அண்ணனுக்கு. இந்தக் கதையை நான் எடுத்தாலே அவள் எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். பொய்யாக இருந்தால் எதற்குக் கூட்ட வேண்டும்?

இன்னொன்று. பேய் என்றதும் இருட்டு, நாய் ஊளை, ஆடுகிற ஜன்னல் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

என் மச்சான் மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். காது என்றால் அப்படி ஒரு காது. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அது எந்தச் சுருதி என்பார். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், பத்து விரலும் அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. ஐந்து கோடு போட்டு அதன் மேல் முட்டை முட்டையாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த நோட்டேஷன்... அவருக்குப் படிக்கத் தெரியாது.

இது யாருக்கும் தெரியாது. மேடையில் எல்லோரையும் போல அவருக்கு முன்னாலும் ஒரு ஸ்டாண்டு, அதில் தாள். பக்கத்து வயலின்காரர் தாளைத் திருப்பினால் இவரும் திருப்புவார். புருவத்தைச் சுருக்கிக்கொள்வார். ஒரு சீசன் முழுக்க அவர் ஸ்டாண்டில் இருந்தது வீட்டு மிக்ஸியோடு வந்த விளக்கப் புத்தகம் என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதையும் பக்கம் திருப்பித் திருப்பித்தான் வாசித்தார்.

இப்படி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவருக்குச் சம்பந்தி வாய்த்தார் பாருங்கள், வயலின் வாத்தியார்! கண்டிப்பானவர். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து வாசிக்கிறவர்கள், தாளில் இருப்பதைத் தவிர ஒரு மூச்சு கூடுதலாக விட மாட்டார்கள். கல்யாணப் பேச்சு முடிந்து இரண்டு குடும்பமும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மச்சானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரிசப்ஷன்ல பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள வரும்போது என் மெட்டுதான் ஒலிக்கணும் சம்பந்தி. என் மகளுக்காக நானே போட்டது."

"பேஷா செய்யலாம். நோட்டேஷன் எழுதி அனுப்பிடுங்க. பசங்க வாசிச்சுடுவாங்க."

"அதுக்கென்ன, ராவோட ராவா எழுதிடுவேன்!"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

யாரோ ஒரு சாப்ட்வேர் இருப்பதாகச் சொன்னார்கள். நாம் வாசித்தால் போதும், அதுவே தாளில் எழுதிவிடுமாம். மச்சான் தன் அறையில் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் ஒயரால் இணைத்தார். கதவைத் தாழிட்டார். மகளை நினைத்து உருகி உருகி வாசித்தார். அங்கேதான் வினை. அவர் உருகி நின்ற இடத்தையெல்லாம் அது அளந்து எழுதியிருக்கிறது. கால் விநாடி தயக்கம், அரைக்கால் விநாடி இழுப்பு, எல்லாம். திரையைப் பார்த்தால் சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. நோட்டேஷன் என்றாலே அப்படித்தானே இருக்கும் என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் சம்பந்தியின் போன்.

"சம்பந்தி... தப்பா நினைக்காதீங்க. இதை யாராலும் வாசிக்க முடியாது. பசங்க... கொஞ்சம் சிரிச்சுட்டாங்க. நான் அதட்டி வச்சிருக்கேன்."

"கம்ப்யூட்டர் கோளாறு சம்பந்தி! சரி பண்ணி அனுப்பிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் நிற்கிறாள்.

"அப்பா, உங்களுக்கு நோட்டேஷன் தெரியும்தானே?"

"என்ன கேள்வி இது? முப்பது வருஷமா மேடையில என்ன வடையா சுட்டேன்?"

"இல்லப்பா. அவர் வீட்டுல சின்னக் குழந்தைகூட படிக்குது. நான் போய்த் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது பாருங்க... அதான் கேட்டேன்."

மச்சான் அன்று சாப்பிடவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம். மகளும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தார்கள். மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்தச் சாப்ட்வேரில் மேல் ஓரத்தில் 'உதவி' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் என்ன பிரச்சினை என்று எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. சொந்தப் பெயரைப் போட வெட்கமாக இருந்தது. 'இசைப் பிரியன்' என்று போட்டுக்கொண்டார். கீழே இப்படி எழுதினார்: 'என் நண்பர் ஒருவர் வாசித்த மெட்டு சரியாக எழுதப்படவில்லை. அவருக்கு நோட்டேஷன் அவ்வளவாக வராது. என்ன செய்யலாம்?'

பதில் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

மச்சானுக்குப் பயமே வரவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'கம்பெனிக்காரன் எங்கேயோ இருந்துகொண்டே சரி பண்ணுகிறான் போல' என்று நினைத்தார். டி.வி. பழுதானால் ஆள் வர ஒரு வாரம், இங்கே தண்ணீர் குடிப்பதற்குள் வேலை தொடங்கிவிட்டதே என்று மகிழ்ந்துகூடப் போனார்.

அம்புக்குறி ஒவ்வொரு கட்டமாகப் போனது. துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி எறும்புகள் ஒதுங்கின. நின்ற இடத்தில் வெள்ளை முட்டைகள் அழகாக, இடைவெளி விட்டு உட்கார்ந்தன. அவசரமே இல்லை. நிறுத்தி, யோசித்து, மறுபடி நகரும்.

பாட்டு என்றால் கோடுகளுக்கு அடியில் சொற்களை எழுத ஒரு வரி உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசையாகப் பிரித்து எழுதுவார்கள். மச்சானின் மெட்டுக்குச் சொல்லே கிடையாது. ஆனால் அந்த வரியில் எழுத்துகள் வர ஆரம்பித்தன.

நண்-ப-ருக்-கா?

மச்சானுக்குக் காது சுட்டது. யாருமில்லாத அறையில் கழுத்துவரை சிவந்தார். தட்டுத்தடுமாறி அதே வரியில் எழுதினார்: 'ஆமாம். நண்பருக்கு.'

அது அழிந்தது. எழுத்து எழுத்தாக, பின்னாலிருந்து.

பிறகு மெட்டு தானாக ஒலித்தது. அவர் மெட்டுதான். அவர் உருகிய இடங்கள் எல்லாம் இருந்தன, ஆனால் தெளிவாக. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை மறந்து, "அட, எப்படிங்க..." என்று வாய்விட்டுச் சொன்னார்.

பி-டித்-தி-ருக்-கா?

மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரில் மைக் கிடையாது.

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் நின்றது.

அப்போதுதான் அவர் கவனித்தார். எல்லாக் கோடுகளுக்கும் அடியில் புதிதாக ஒரு வரி. அதன் இடது ஓரத்தில் 'வியோலா' என்று எழுதியிருந்தது. வியோலா என்றால் வயலினுக்கு அக்கா மாதிரி. உருவம் கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம். அவர் மெட்டில் வியோலாவே இல்லை.

"இது... இது எதுக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

எ-னக்-கு.

நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்.

கீபோர்டில் ஒரு கட்டை அமுங்கியது.

கம்ப்யூட்டர் சொன்னால் கீபோர்டில் சத்தம் வரும். கட்டை அமுங்காது. அமுங்க வேண்டுமென்றால்... விரல் வேண்டும்.

இன்னொரு கட்டை. மெதுவாக.

இன்னொன்று.

ஒவ்வொன்றும் அமுங்க அமுங்க, அந்த வியோலா வரியில் ஒவ்வொரு முட்டையாக ஏறியது. வரி நீண்டுகொண்டே போனது. நடுவில் ஓரிடத்தில் மற்ற எல்லா வாத்தியங்களும் நின்றுவிட, அது மட்டும் தனியாக ஓடியது...

"என்ன எழுதறே?"

ப-டி.

மச்சான் புருவத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ப-டி.

"நான்... கண்ணாடி போடலை..."

ப-டி.

யாரிடமும் சொல்லாதது. கட்டின மனைவியிடம் சொல்லாதது. அதை அந்த வெறும் அறையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

அம்புக்குறி மறுபடி நகர்ந்தது.

தெ-ரி-யும்.

அ-த-னால்-தான் வந்-தேன்.

வாசல் மணி அடித்தது. மச்சான் 'ஐயோ' என்று கத்தியே விட்டாராம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் மனைவியும் மகளும் பைகளோடு.

"யாருப்பா வாசிச்சது? படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு, நல்லா கனமா."

"கம்ப்யூட்டர்மா. அதுல போட்டுப் பார்த்தேன்."

"எப்படி? கம்ப்யூட்டருக்கும் கீபோர்டுக்கும் இருந்த ஒரே ஸ்பீக்கரை ரிப்பேருக்குக் குடுக்க நாங்கதானே எடுத்துட்டுப் போனோம்?"

மச்சான் திரும்பி மேசையைப் பார்த்தார். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? கம்ப்யூட்டரைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு நாலு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்ப்போம். மச்சானும் அதை அழிக்கத்தான் போனார். பொத்தான் மேல் விரலே வைத்துவிட்டார். அப்போது சம்பந்தியின் போன்.

"முடியலன்னா பரவாயில்ல சம்பந்தி. பசங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணை வச்சுக்கலாம்."

அந்தக் குரலில் இருந்த இரக்கம் இருக்கிறதே, அதைத்தான் மச்சானால் தாங்க முடியவில்லை. பேயைக்கூடத் தாங்கிவிட்டார்.

"எதுக்கு சம்பந்தி? ரெடியா இருக்கு. இதோ அனுப்பறேன்."

அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். சம்பந்தி கல்யாண வேலையில் அலைந்துகொண்டிருந்தாராம். ஒத்திகையைப் பெரிய மாணவி ஒருத்திதான் பார்த்துக்கொண்டாளாம்.

"அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்கன்னு சொன்னா. எனக்கு ரொம்ப சந்தோஷம்." பிறகு சம்பந்தியின் குரல் என்னவோ மாதிரி ஆனது. "அதுல... வியோலாவுக்கு ஒரு வரி இருக்காமே. அது நீங்களே எழுதினதா?"

"பின்ன? நானேதான்."

"உங்க கையால?"

"என் கையாலதான் சம்பந்தி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்ப சரி. வியோலா வாசிக்க இங்க ஆள் இல்ல. நானே வாசிக்கறேன். வீட்டுல பழசு ஒண்ணு பூட்டிக் கிடக்கு."

 அப்போதும் மச்சான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் மிக்ஸிப் புத்தகம் வரை எல்லாம் வெளியே வந்துவிடுமே!

ரிசப்ஷனுக்கு நான் முன்வரிசையில் இடம் பிடித்தேன். மேடையின் ஓரத்தில் பிள்ளைகள் வயலினோடு வரிசையாக. கடைசியில் சம்பந்தி, பட்டுச் சட்டை, மடியில் பழைய வியோலா. வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்க, வாசிப்பு ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து, மேடை ஓரத்தை மறைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பிவிட்டோம். மச்சான் மகளின் பக்கத்தில் நடந்து வந்தார். அந்த மெட்டு! என் வீட்டுக்காரி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், ஒரு வாளி இருக்கும்.

பாதி வழியில் வயலின்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன.

வியோலா மட்டும்.

அதை எப்படிச் சொல்வது... சோகம் என்றும் சொல்ல முடியாது. யாரோ ரொம்ப நாளாகச் சொல்ல வந்து, ஒவ்வொரு தடவையும் பாதியில் வாயை அடைத்துவிட, இன்றைக்குத்தான் முழுசாகச் சொல்லி முடிக்கிற மாதிரி. பேசிக்கொண்டிருந்த கூட்டம் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தபடியே அடங்கிவிட்டது. கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. எல்லோரும் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் சிரிக்க முயன்றார். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன் சிரிக்கிற சிரிப்பு. மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "தொண்டை கட்டியிருக்கு" என்று தள்ளிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தி அவரைப் பின்பக்க அறைக்குக் கூப்பிட்டார். மகளும் என்னவோ ஏதோ என்று கூடவே போனாள். நான் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு கதவோரம் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. என் காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சம்பந்தி அந்த வியோலாத் தாளை நீட்டினார்.

"இந்தத் தனி வாசிப்பு வர்ற இடம்... முதல் வரியை மட்டும் பாடிக் காட்டுங்க சம்பந்தி."

மச்சான் தாளை வாங்கிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். பழக்கம்! பிறகு மெல்லத் தாளை இறக்கினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சம்பந்தி. நான் எழுதலை."

"அப்பா!" என்றாள் மகள். "அப்ப என் ஸ்கூல் விழாவுல, மேடையில முன்னாடி தாள் வச்சுக்கிட்டு... நான் பக்கத்துல நின்னு பக்கம் திருப்பி விட்டேனே?"

"சும்மா வச்சிருந்தேன்மா."

அவள் கல்யாணப் புடவையின் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே அந்த மத்தியானத்தைச் சொன்னார். முழுவதும் சொன்னார். சம்பந்தி கேலி செய்திருந்தால் தேவலை. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அதான்... அதனாலதான் அழிக்காம விட்டீங்க."

"என்னது?"

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. இந்த வியோலா அவளோடது. ஒரு மெட்டு எழுதிக்கிட்டிருந்தா. பாதியில போய்ச் சேர்ந்துட்டா." சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நான் கம்ப்யூட்டர்ல எதை எழுத உட்கார்ந்தாலும் அடியில ஒரு வரி வந்து நிக்கும். வியோலா. படிச்சுப் பார்ப்பேன். அவ மெட்டு. உடனே அழிச்சுடுவேன். பசங்க எழுதும்போதும் வந்துது. சாப்ட்வேர் கோளாறு, அழிங்கடான்னு அதட்டுவேன். எத்தனை தடவை அழிச்சேனோ... ஒரு தடவைகூட முழுசா வர விட்டதில்ல. கூடப் பிறந்தவ. எனக்கு அவ்வளவு பயம்." தலையைக் குனிந்துகொண்டார். "நீங்களே எழுதினேன்னு அடிச்சுச் சொன்னீங்க. அதை நம்பித்தான், தாளை முன்னாடி பார்க்கக்கூட இல்லாம, இன்னைக்கு வாத்தியத்தைத் தொட்டேன்."

யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பெரிய மனிதர்களும் தவித்தார்கள். மச்சான்தான் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார்.

"எப்படியோ சம்பந்தி... பாதியில விட்டதை இன்னைக்கு நீங்க கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சுட்டீங்க. அந்தப் பொண்ணு ஆத்மா குளிர்ந்திருக்கும்."

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கதவு இடுக்கிலேயே தெரிந்தது.

"நான் எங்க வாசிச்சேன்?"

மச்சான் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார்.

"முதல் வரியிலேயே அவளோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. கை ஓடலை. வில்லை மடியில வச்சுட்டேன்."

என் ஐஸ்கிரீம் கிண்ணம் கீழே விழுந்த சத்தம் மூவருக்கும் கேட்டிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, பெரிய மாணவி தன் போனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்திருந்த வீடியோ வந்தது. நானும் மச்சானும்தான் பார்த்தோம். வயலின்கள் நிற்கின்றன. சம்பந்தி வில்லை மடியில் போடுகிறார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறார். வியோலா கேட்டுக்கொண்டே இருக்கிறது... கடைசிச் சுரம் வரைக்கும்.

வாத்தியார் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் பதறி அவரைத்தானே பார்க்க வேண்டும்?

ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே, நிற்கிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.